பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை

நவீன ஓவியத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க நேர்ந்த எவரும், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கடைசியில் ஒரே வசனத்துக்குத்தான் வந்து சேர்வார்: "இதை என் புள்ளகூடப் போட்டுடும்."

நூறு வருஷத்துக்கு மேலாகியும் வசனம் மாறவில்லை. சொன்னவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு சிலர்தான் நிஜமாகவே பிள்ளையின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை கிடைக்காதவர்கள் கழுதையிடம் கொடுத்தார்கள். கழுதையைவிட ஒசத்தியாக ஏதாவது வேண்டும் என்று நினைத்தவர்கள் சிம்பன்சியைத் தேடிப் போனார்கள். கலை உலகத்தைப் படாத பாடு படுத்திய இந்தக் கூட்டத்தின் வரலாறு இது. பெரிய மனிதர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்குரிய மரியாதையை அவரவர் அருங்காட்சியகத்தில் பெற்றுக்கொள்ளவும்.

முதலில் ஓர் ஆடு

மேதைப் பிள்ளைகளின் கதை ஆட்டிலிருந்து தொடங்குகிறது. இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் பக்கம் வெஸ்பிஞானோ என்றொரு கிராமம். ஜோத்தோ என்ற பத்து வயதுப் பையன் ஆடு மேய்க்கிறான். ஆடு அதன் பாட்டுக்கு மேய்கிறது. பையன் கூரான கல் ஒன்றை எடுத்துத் தட்டையான பாறையில் அந்த ஆட்டை வரைகிறான். அந்த வழியாகப் போன சிமாபுவே என்ற பெரிய ஓவியர் அப்படியே நின்றுவிட்டார். அப்பாவிடம் பேசிப் பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். ஐரோப்பிய ஓவியம் திசை திரும்பியது. ஆடுகளை அன்று சாயங்காலம் யார் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் விசாரிக்கவில்லை.

இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவர் ஜார்ஜோ வசாரி. 1550-இல் ஓவியர்களின் வாழ்க்கையைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். ஜோத்தோ செத்தது 1337-இல். இருநூறு வருஷம் கழித்து எழுதுகிறோமே என்ற கூச்சம் வசாரிக்குக் கொஞ்சமும் இல்லை. கதை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பெக்காஃபூமி என்ற ஓவியருக்கும் அதையே கொடுத்தார்: ஆடு மேய்த்தான், ஓடைக்கரை மணலில் வரைந்தான், பெரிய மனிதர் ஒருவர் பார்த்தார். காஸ்தாஞோவுக்கு மட்டும் மாறுதலாக இருக்கட்டும் என்று ஆட்டுக்குப் பதில் மாடு. 1934-இல் எர்ன்ஸ்ட் கிரிஸ், ஓட்டோ குர்ட்ஸ் என்ற இரண்டு வியன்னாக்காரர்கள் இப்படிப்பட்ட கதைகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்து, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று போட்டு உடைத்தார்கள்.

ஆனால் வசாரியின் அச்சில் ஓர் உண்மை இருக்கிறது. மேதைப் பிள்ளை ஒன்று உருவாக மூன்று பேர் வேண்டும். ஒரு பிள்ளை, ஒரு பிராணி, அந்த வழியாகப் போகிற ஒரு பெரியவர். பிராணி மாறலாம். பிள்ளையைக்கூட மாற்றிக்கொள்ளலாம். "ஆகா!" என்று வாயைப் பிளக்கிற பெரியவர் இல்லாவிட்டால் மட்டும் அது வெறும் பாறையில் கிறுக்கிய ஆடு.

சோப்பில் கரைந்த மேதை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். விளைந்த பிறகு அந்தப் பயிர் எந்தச் சந்தைக்குப் போகும் என்று பழமொழி சொல்லவில்லை.

இங்கிலாந்தில் ஜான் எவரெட் மில்லே என்ற பையன் 1840-இல், பதினொரு வயதில், ராயல் அகாதமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். அந்தப் பள்ளி கண்டதிலேயே சின்ன மாணவன் அவன்தான். கூடப் படித்த தடியன்கள் எல்லோரும் 'குழந்தை' என்றே கூப்பிட்டார்கள். வளர்ந்து, நண்பர்களோடு சேர்ந்து 1848-இல் ஒரு புரட்சிக் குழு ஆரம்பித்தான். ராஃபேலுக்குப் பிந்தைய ஓவியமெல்லாம் பொய், அதற்கு முந்தையதுதான் மெய் என்பது அவர்கள் கட்சி.

பிறகு கல்யாணம், குழந்தைகள், பெரிய வீடு. 1886-இல் மில்லே தன் பேரன் சோப்புக் குமிழி விடுவதை அழகாக வரைந்தார். பேர்ஸ் சோப்புக் கம்பெனிக்காரர் அந்தப் படத்தை உரிமையோடு வாங்கி, ஓரத்தில் ஒரு சோப்புக்கட்டியைச் சேர்த்து, சுவர் சுவராக ஒட்டிவிட்டார். ராஃபேலுக்கு முந்தைய தூய கலையில் தொடங்கிய பயணம் குளியலறையில் முடிந்தது. படத்தில் இருந்த பேரன் பின்னாளில் கடற்படையில் அட்மிரல் ஆனார். போர்க்கப்பல்களுக்கு ஆணையிட்ட காலத்திலும் முதுகுக்குப் பின்னால் அவருடைய பெயர் 'குமிழி'தான். தாத்தாவுக்கு 'குழந்தை', பேரனுக்கு 'குமிழி'. வம்சத்துக்கே பட்டப்பெயர் ராசி.

புறா வரைந்த அப்பாக்கள்

1881-இல் ஸ்பெயினின் மாலகா ஊரில் ஒரு பிள்ளை பிறந்தது. மூச்சுப் பேச்சில்லை. செத்துப் பிறந்ததென்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். டாக்டராக இருந்த சித்தப்பா வாயில் இருந்த சுருட்டின் புகையை அதன் முகத்தில் ஊதினார். பிள்ளை வீல் என்று கத்தியது. பெயர் பாப்லோ பிகாசோ. இது அவர் வீட்டார் சொன்ன கதை. நம்புகிறவர்கள் நம்பலாம், ஆனால் பிரசவ வார்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

அப்பா டிராயிங் மாஸ்டர். புறா வரைவதில் அவருக்கு அலாதிப் பிரியம். சமையலறை, சாப்பாட்டு அறை என்று எங்கும் மாட்டுகிற மாதிரிப் புறாப் படங்கள். ஒருநாள் புறாவின் காலை மட்டும் முடிக்கச் சொல்லிப் பதின்மூன்று வயது மகனிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாராம். திரும்பி வந்து பார்த்தவர் பிரமித்து, தன் பிரஷ், சாயத் தட்டு எல்லாவற்றையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இனி வரைவதில்லை என்று சபதம் செய்தாராம். கண்ணில் நீர் வரவழைக்கும் காட்சி. வாழ்க்கை வரலாறு எழுதிய ஆராய்ச்சிக்காரர்கள்தான் வந்து கெடுத்தார்கள்: அப்பா அதற்கப்புறமும் ஆசை தீரப் புறா வரைந்துகொண்டுதான் இருந்தார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். பதினைந்து வயதில் மகன் வரைந்த 'விஞ்ஞானமும் கருணையும்' படத்தில் நோயாளியின் நாடி பிடித்துப் பார்க்கிறாரே டாக்டர், அதற்கு மாடலாக உட்கார்ந்ததும் அப்பாதான். சபதமாவது ஒன்றாவது, படத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதே கதை எண்பது வருஷம் கழித்துச் சீனாவில் நிஜமாகவே நடந்தது. குவாங்ஷி மாகாணத்தில் 1975-இல் பிறந்த வாங் யானி, இரண்டரை வயதில் அப்பாவின் படங்களில் கைவைத்தாள். அப்பாவும் ஓவியர். முதலில் திட்டினார், பிறகு தாள் கொடுத்தார். யானிக்குக் குரங்கு என்றால் உயிர். ஆறு வயதுக்குள் சுமார் நாலாயிரம் படங்கள், பாதிக்கு மேல் குரங்கு மயம். மகள்மீது தன் நிழல் விழக்கூடாது என்று அப்பா தன்னுடைய தைல வண்ண ஓவியத்தை நிறுத்திக்கொண்டார். 1989-இல், பதினாலு வயதில், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் சாக்லர் கலைக்கூடத்தில் அவளுக்குத் தனிக் கண்காட்சி.

குழந்தை குரங்கை வரைந்தால் கலை. குரங்கே வரைந்தால்? அவசரப்படாதீர்கள், வருகிறது. அதற்கு முன்னால் ஒரு கழுதை காத்திருக்கிறது.

பெரியவர்கள் தவழ ஆரம்பித்தார்கள்

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஐரோப்பாவில் விசித்திரமான ஒரு வியாதி பரவியது. கஷ்டப்பட்டு ஓவியம் கற்ற வளர்ந்த ஆண்கள், கற்றதை மறப்பதற்கு அதைவிடக் கஷ்டப்பட்டார்கள்.

பால் க்ளே 1902-இல் பெற்றோர் வீட்டில் தன்னுடைய சின்ன வயதுக் கிறுக்கல்களைக் கண்டெடுத்தார். நாம் என்ன செய்வோம்? பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவோம். க்ளே, தான் இதுவரை செய்ததில் உருப்படியானது இதுதான் என்று முடிவு கட்டினார். 1911-இல் தன் படைப்புகளுக்குச் சொந்தக் கையால் பட்டியல் எழுதியபோது அந்தக் கிறுக்கல்களில் சிலவற்றை முதல் எண்களாகச் சேர்த்துக்கொண்டார். ஓவியப் பள்ளியில் பணம் கட்டிப் படித்துப் போட்ட பயிற்சிகளை விட்டுவிட்டார். ஃபீஸ் கட்டிய அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மியூனிக்கில் காண்டின்ஸ்கியும் கேப்ரியல் மூன்டரும் குழந்தைகளின் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். சிலவற்றை மூன்டர் தன் ஓவியங்களுக்குள் பார்த்துப் போட்டுக்கொண்டார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதற்குப் பெயர் காப்பி. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வரைந்தால் அதற்குப் பெயர் நவீனம். 1912-இல் வெளிவந்த 'நீலக் குதிரைவீரன்' தொகுப்பில் குழந்தைகளின் படங்கள் பெரியவர்கள் படங்களோடு சரிசமமாக உட்கார்ந்தன. அதே ஆண்டு நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் தன் '291' கலைக்கூடத்தில் சிறுவர்களின் ஓவியங்களுக்கு மட்டுமே ஒரு கண்காட்சி வைத்தார். பிகாசோவும் வயதான காலத்தில் இந்தக் கோஷ்டியில் சேர்ந்தார். சின்ன வயதில் தான் ராஃபேல் மாதிரி வரைந்ததாகவும், குழந்தை மாதிரி வரையக் கற்கப் பல வருஷம் பிடித்ததாகவும் அவர் சொன்னதாக ஹெர்பர்ட் ரீட் பதிவு செய்திருக்கிறார்.

கவனியுங்கள்: இந்த ஊர்வலத்தில் குழந்தைகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. "மாமா, நீங்க ஏன் எங்களை மாதிரியே போடறீங்க?" என்று அவர்கள் கேட்டிருந்தால் நவீன ஓவியத்தின் வரலாறு இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

வாலில் கட்டிய பிரஷ்

பாரிஸின் மோன்மார்த் மேட்டில் 'லாப்பான் அஜில்' என்று ஒரு மதுக்கடை. ஓவியர்கள், கவிஞர்கள், கடன்காரர்கள் எல்லோரும் கூடும் இடம். பிகாசோவும் அங்கே குடித்தவர்தான். கடைக்காரர் ஃப்ரெதேயிடம் லோலோ என்று ஒரு கழுதை இருந்தது. 1910-இல் ரோலான் தோர்ஜெலெஸ் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் கழுதையைக் கேன்வாஸுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, வாலில் பிரஷ்ஷைக் கட்டி, முன்பக்கம் கேரட் நீட்டினார்கள். கேரட்டைக் கண்ட லோலோவுக்கு ஆனந்தம். ஆனந்தம் வந்தால் வால் ஆடும். வால் ஆடினால் கலை.

நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் என்ன செய்வது என்று, இதையெல்லாம் நேரில் பார்த்துச் சான்று எழுத ஒரு நீதிமன்ற அமீனாவையும் அழைத்து வந்திருந்தார்கள். ஜப்தி நோட்டீஸ் ஒட்டியே வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு அன்றைக்குக் கழுதை வாலைப் பார்த்துக் குறிப்பெழுதும் பாக்கியம்.

படத்துக்குப் பெயர் 'ஆட்ரியாட்டிக் கடல்மேல் சூரியன் உறங்கியது'. ஓவியருக்குப் பெயர் பொரொனாலி, ஊர் ஜெனோவா, பாணி 'மிகையியம்'. அந்தப் பாணிக்கு ஒரு கொள்கை அறிக்கையும் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். சுதந்திரக் கலைஞர்களின் சலோன் கண்காட்சியில் படம் மாட்டப்பட்டது, விலையும் போனது. பிறகு தோர்ஜெலெஸ் அமீனாவின் சான்றோடு பத்திரிகை ஆபீசுக்குப் போய்க் குட்டை உடைத்தார். 'அலிபொரோன்' என்பது பிரெஞ்சுக் கதைகளில் கழுதைக்கு உள்ள பெயர். அதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் பொரொனாலி. ஊர் சிரித்தது. நவீன ஓவியத்தின் முகத்திரை கிழிந்தது என்று எழுதினார்கள்.

கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது, சரி. ஆனால் இதில் யாருக்கு என்ன நிரூபணம் ஆயிற்று? அந்தச் சலோனில் தேர்வுக் குழுவே கிடையாது. கட்டணம் கட்டினால் யார் படத்தையும் மாட்டுவார்கள், அதுதான் அதன் கொள்கை. இல்லாத காவல்காரனை ஏமாற்றிவிட்டதாகத் தோர்ஜெலெஸ் மார் தட்டிக்கொண்டார். போதாததற்கு, எந்த நிறத்தில் பிரஷ்ஷைத் தோய்ப்பது, எப்போது நிறம் மாற்றுவது, எப்போது கழுதையை ஓட்டிவிடுவது எல்லாம் அவரும் நண்பர்களும் முடிவு செய்தவை. கழுதை போட்டது வால் மட்டும். படம் போட்டவர்கள் மனிதர்கள், அதிலும் மோன்மார்த்தின் விவரமான மனிதர்கள். அந்தப் படம் அவ்வளவு மோசமில்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

பறவையா, கரண்டியா?

1913-இல் நியூயார்க்கில் ஆர்மரி கண்காட்சி. அமெரிக்கர்கள் முதல்முறையாக ஐரோப்பிய நவீனத்தை மொத்தமாகப் பார்த்தார்கள். மார்செல் துஷாம்பின் 'மாடிப்படி இறங்கும் நிர்வாணம்' படத்தில் மாடிப்படியும் தெரியவில்லை, நிர்வாணமும் தெரியவில்லை. வந்தவர்களுக்கு இரட்டை ஏமாற்றம். நிர்வாணத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்து டாலர் பரிசு என்று ஒரு கலைப் பத்திரிகை அறிவித்தது. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், தன் குளியலறையில் கிடக்கும் நவாஹோ விரிப்பு இதைவிட மேல் என்று எழுதினார். கண்காட்சி சிகாகோவுக்குப் போனபோது ஓவிய மாணவர்கள் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் பெயரை 'ஹென்றி ஹேர்மேட்ரஸ்' என்று திரித்து, அதாவது மயிர் மெத்தை என்று பட்டம் கட்டி, போலி வழக்கு நடத்தி, அவர் ஓவியங்களின் நகல்களைக் கொளுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பிரான்சில் சௌக்கியமாக இருந்தார்.

நிஜ வழக்கு 1926-இல் வந்தது. பிரான்குஸியின் 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. கலைப்பொருளுக்குச் சுங்கவரி இல்லை. சுங்க அதிகாரி அந்த வழவழப்பான நீளமான உலோகத்தைத் தடவிப் பார்த்தார். இறக்கை இல்லை, அலகு இல்லை. சமையல் பாத்திரம், ஆஸ்பத்திரிச் சாமான் என்ற இனத்தில் எழுதி நாற்பது சதவீத வரி போட்டுவிட்டார்.

வழக்கு நடந்தது. இதைக் காட்டில் பார்த்தால் பறவை என்று சுடுவீர்களா என்ற அளவுக்குக் குறுக்கு விசாரணை போயிற்று. அதை வாங்கியிருந்த புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கன், சிற்பி அதைப் பறவை என்கிறார், அதனால் எனக்கும் அது பறவை என்கிற தோரணையில் பதில் சொன்னார். 1928-இல் தீர்ப்பு வந்தது: அச்சு அசலாக உருவம் தெரியாவிட்டாலும் இது கலைதான், வரி கிடையாது. உலகத்தில் நவீன கலை என்றால் என்ன என்று அதிகாரபூர்வமாகத் தீர்த்து வைத்த பெருமை சுங்க நீதிமன்றத்துக்கு உண்டு.

இதற்கிடையில் லாஸ் ஏஞ்சலிஸில் பால் ஜோர்டன்-ஸ்மித் என்ற எழுத்தாளருக்குக் கோபம். மனைவியின் ஓவியத்தைப் 'பழைய பாணி' என்று விமர்சகர்கள் தள்ளிவிட்டார்கள். 1924-இல், பிரஷ்ஷே பிடித்தறியாத அவர், வாழைப்பழத் தோலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த ஒரு பெண்ணைக் கோணல்மாணலாக வரைந்தார். பாவெல் ஜெர்தானோவிச் என்று ஒரு ரஷ்யப் பெயர் வைத்துக்கொண்டு கண்காட்சிக்கு அனுப்பினார். பிரெஞ்சுக் கலைப் பத்திரிகையிலிருந்து பாராட்டோடு விசாரித்து எழுதினார்கள். மூன்று வருஷம் அனுபவித்துவிட்டு 1927-இல் உண்மையைச் சொன்னார். மனைவிக்காக இவ்வளவு தூரம் போன கணவர்கள் கலை வரலாற்றில் அபூர்வம். மனைவியின் ஓவியம் அதற்குப் பிறகும் பழைய பாணியாகத்தான் இருந்தது.

குரங்கு கையில் தூரிகை

இரண்டு சிம்பன்சிகளின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

முதலாவது காங்கோ. லண்டன் மிருகக்காட்சிசாலை. 1950-களின் நடுவில் டெஸ்மண்ட் மோரிஸ் என்ற விலங்கியலாளர் இரண்டு வயதுக் காங்கோவிடம் பென்சில் கொடுத்தார். மோரிஸ் விலங்கியலாளர் மட்டுமல்ல, சர்ரியலிச ஓவியரும்கூட. காங்கோ சுமார் நானூறு படங்கள் போட்டது. விசிறி மாதிரி விரியும் கோடுகள் அதன் முத்திரை. தாளின் ஒரு பக்கம் மோரிஸ் கட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தால், மறுபக்கம் கோடு போட்டுச் சமன் செய்யும். முக்கியமானது இனிமேல்தான். பாதியில் தாளைப் பிடுங்கினால் காங்கோ கத்திக் கூச்சல் போட்டது. முடித்த பிறகு 'இன்னும் கொஞ்சம் போடு' என்று நீட்டினால் பிரஷ்ஷைத் தொட மறுத்தது.

1957-இல் லண்டனின் சமகாலக் கலைக் கழகத்தில் காங்கோவுக்குக் கண்காட்சி நடந்தது. பிகாசோ ஒன்றைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். குரங்குப் படத்தை வைத்திருக்கிறீர்களாமே என்று கேட்ட நிருபரைக் கடித்து வைத்துப் பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. 2005-இல் பானம்ஸ் ஏலத்தில் காங்கோவின் மூன்று படங்கள் சேர்ந்து 14,400 பவுண்டுக்குப் போயின. அதே ஏலத்தில் வார்ஹோல் படமும் ரெனுவார் சிற்பமும் விலை போகாமல் வீடு திரும்பின.

இரண்டாவது பீட்டர். சுவீடனில் போரோஸ் மிருகக்காட்சிசாலை. 1964-இல் ஒகே ஆக்ஸல்சன் என்ற பத்திரிகையாளர், அங்கே வேலை பார்த்த பதினேழு வயதுப் பையனைப் பிடித்து, நாலு வயது பீட்டருக்குச் சாயமும் பிரஷ்ஷும் கொடுக்கச் சொன்னார். பீட்டர் சாயத்தைத் தின்றான். கோபால்ட் நீலம் ரொம்பப் பிடித்தது. பக்கத்தில் வாழைப்பழம் வைத்ததும்தான் கொஞ்சம் கேன்வாஸிலும் பூசினான். குவிந்ததில் தனக்குப் பிடித்த நாலை ஆக்ஸல்சன் பொறுக்கி எடுத்து, 'பியேர் பிராஸோ' என்ற பிரெஞ்சு ஓவியர் பெயரில் கோத்தன்பர்க் கண்காட்சியில் மாட்டினார். ஒரு விமர்சகர், பிராஸோவின் தூரிகையில் பாலே நடனக்காரரின் நளினத்தைக் கண்டார். இன்னொரு விமர்சகர், குரங்குதான் இப்படிப் போடும் என்று எழுதினார். கலை விமர்சன வரலாற்றிலேயே உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் போனவர் அந்த இரண்டாமவர்தான், அவருக்கே தெரியாமல். உண்மை வெளியானதும் முதல் விமர்சகர் அசரவில்லை. கண்காட்சியில் இருந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று சாதித்தார்.

எல்லோரும் அந்த விமர்சகரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. பார்த்தது படத்தை, சொன்னது படத்தைப் பற்றி. போட்டவர் மனிதரா சிம்பன்சியா என்று தெரிந்த பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள அவர் அரசியல்வாதியல்ல.

யார் கொடுத்த பால்?

அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்றொரு சுமாரான ஊர். 2004-இல் அங்கே மார்லா ஓல்ம்ஸ்டெட் என்ற நாலு வயதுப் பெண்ணின் பெரிய பெரிய அரூப ஓவியங்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. தொடக்கம் ஒரு காபிக் கடைச் சுவர். பிறகு ஊரில் இருந்த ஒரு கலைக்கூடம். அதன் சொந்தக்காரர், புகைப்படம் தோற்கும் துல்லியத்தில் ஒரு படத்தை மாதக்கணக்கில் வரைகிறவர். அப்படிப்பட்டவர் சாய்வு மேசையில் கண் வலிக்க உட்கார்ந்திருக்க, நாலு வயதுப் பாப்பா தரையில் உட்கார்ந்து பூசியது காத்திருப்போர் பட்டியலோடு விற்றது. நியூயார்க் டைம்ஸ் எழுதியது. டெலிவிஷன்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

2005 பிப்ரவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சி வந்தது. பெற்றோரின் சம்மதத்தோடு வீட்டில் மறைகாமிரா வைத்து, பதிவை எல்லன் வின்னர் என்ற உளவியல் பேராசிரியரிடம் காட்டினார்கள். காமிராவில் தெரிந்த பிள்ளைக்கும் சுவரில் தொங்கிய படங்களுக்கும் அவருக்குப் பொருந்தவில்லை. அப்பா கைவைத்திருப்பாரோ என்று ஊர் கேட்டது. பெற்றோர் அடியோடு மறுத்தார்கள். பிள்ளை வரைவதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தாங்களே படமெடுத்துக் காட்டினார்கள். அதே காலத்தில் அவர்களோடு பழகிப் படமெடுத்த அமிர் பார்-லெவ், 2007-இல் தன் ஆவணப்படத்தில், தனக்கே முழு நம்பிக்கை வரவில்லை என்று காமிரா முன்னால் ஒப்புக்கொண்டார். குற்றம் நிரூபணம் ஆகவில்லை. சந்தேகம் மட்டும் தீரவில்லை.

சம்பந்தர் கதையில், சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் பால் வழிவதைப் பார்த்த அப்பா, கையில் குச்சியோடு, யார் கொடுத்தது என்று அதட்டினார். பிள்ளை வானத்தைக் காட்டிப் பதிகம் பாடியது. அங்கே அப்பா பிள்ளையைக் கேட்டார். பிங்ஹாம்டனில் ஊரே குச்சியை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கேட்டது. நடுவில் நின்ற பிள்ளைக்கு வயது நாலு. பதிகமும் வரவில்லை.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. முந்தின நாள் வரை சுவரில் தொங்கிய அதே படம், அதே சிவப்பு, அதே நீலம். டெலிவிஷன் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் கண்ணுக்கு அது வேறு படம் ஆகிவிட்டது. வாங்கினவர்கள் வாங்கியது படத்தையா, பிறப்புச் சான்றிதழையா? சான்றிதழ்தான் என்றால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம், இன்னும் மலிவாக முடிந்திருக்கும்.

2007-இல் லண்டனில் ஒரு கலை விமர்சகர், தன் இரண்டு வயது மகன் தக்காளி கெச்சப்பில் இழுத்த கிறுக்கல்களைப் பெரிய ஓவியரின் படைப்பு மாதிரி இணையத்தில் ஏற்றிவிட்டு, கலைக்கூடத்துக்காரர்களைத் தூண்டில் போட்டுப் பிடித்தார். அங்கே சான்றிதழை மறைத்ததால் விற்றது. பிங்ஹாம்டனில் சான்றிதழைக் காட்டியதால் விற்றது. எப்படியும் படத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

போதும் என்று சொன்னது யார்?

எல்லன் வின்னர் இந்த விவகாரத்தை விடவில்லை. ஏஞ்சலினா ஹாலி-டோலன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ராத்கோ, ஹாஃப்மன் போன்றவர்களின் அரூப ஓவியம் ஒன்று. பார்க்க அதே மாதிரி இருக்கும் குழந்தைப் படமோ, குரங்குப் படமோ, யானைப் படமோ இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டார்கள். நடுவில் பெயர்ச்சீட்டை வேண்டுமென்றே மாற்றியும் ஒட்டினார்கள். ஓவியம் படித்தவர்கள், படிக்காதவர்கள் இருவருமே பத்துக்கு ஆறு, ஏழு தடவை ஓவியரின் படத்தையே சரியாகத் தொட்டார்கள். படத்துக்குப் பின்னால் ஒரு யோசனை இருந்தது தெரிகிறது என்றார்கள். ஆக, 'என் புள்ளகூடப் போட்டுடும்' என்று சொன்னவர்களின் வாய்க்குத்தான் கோளாறு, கண்ணுக்கு அவ்வளவு மோசமில்லை.

மீதி மூன்று, நாலு தடவை ஏமாந்தார்களே என்று கேட்கலாம். அங்கேதான் என் கட்சியை எடுத்து வைக்கிறேன். பூசுவது பெரிய விஷயமல்ல. வாலும் பூசும், கெச்சப்பும் பூசும். 'போதும்' என்று நிறுத்துகிறவர் யார் என்று பாருங்கள், ஓவியர் அகப்பட்டுவிடுவார். லோலோ விஷயத்தில் நிறுத்தியது தோர்ஜெலெஸ், ஆகவே அது தோர்ஜெலெஸின் ஓவியம். கழுதைக்குக் கேரட் மட்டுமே பாக்கி. பீட்டர் பூசியது வாழைப்பழத்துக்காக, நாலு படத்தைப் பொறுக்கியவர் ஆக்ஸல்சன், ஆகவே பியேர் பிராஸோ என்பது ஆக்ஸல்சனேதான். காங்கோ பாதியில் பிடுங்கினால் கத்தியது, முடிந்ததும் மறுத்தது. அதற்கு ஓவியர் பட்டத்தைக் கொடுத்துவிடலாம், பிகாசோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார். க்ளே நாற்பது வயதுக்குமேல் போட்ட கோட்டுக்கும், மூன்று வயதில் போட்ட கோட்டுக்கும் உள்ள தூரமும் இதுதான்: மூன்று வயதில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் படம் முடிந்திருக்கும்.

பிள்ளைகள் வழக்கிலும் இதே தீர்ப்புதான். பிள்ளை பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு 'முடிஞ்சுது' என்று விளையாடப் போனால், படம் முடிந்தது, அது பிள்ளையின் படம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், சந்தோஷமாக மாட்டிக்கொள்ளலாம். "கண்ணு, அந்த மூலையில மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு" என்று எந்த அப்பா எந்த ஊரில் சொன்னாலும், அந்த நிமிஷத்திலிருந்து படம் அப்பாவுடையது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக் கண்காட்சி வைக்கலாம். வாங்க ஆள் வருமா என்பது வேறு விஷயம்.